பற்றரிதான் முதல், கரண்ட் பிறகு

வன்னியின் போர்க்காலம் பற்றி எழுதப்பட்டவற்றில் இடப்பெயர்வு இருக்கிறது, பங்கர் இருக்கிறது, ஷெல் இருக்கிறது. பற்றரி அவ்வளவாக இல்லை. ஆனால் எங்கட வீடுகளில் பெரியாக்கள் கதைக்கத் தொடங்கினால் ரெண்டு பற்றரிக்கு அலைஞ்ச கதை வராமல் போகாது. நாங்கள் கலைப்பீட மாணவர்கள். மின்சாரம் எங்கட பாடமில்லை. என்றாலும் தரவு மையங்களில் வலையமைப்புக் கருவிகளுக்கு எந்த மின்சாரத்தைக் கொடுப்பது என்று பொறியியலாளர்கள் இன்றைக்கும் விவாதிக்கிற விசயத்துக்கும் அந்தக் கதைகளுக்கும் நெருங்கின தொடர்பு உண்டு என்பதுதான் இந்தக் கட்டுரை.

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியது. வவுனியா நகருக்கு வடக்கே வன்னியின் பெரும்பகுதி நீண்ட காலம் தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே கிடந்தது. பொருளாதாரத் தடையில் எரிபொருளோடு பற்றரியும் சேர்ந்துகொண்டது. குப்பி விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். செய்தி கேட்க என்ன செய்வது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவை இயக்கினார்கள். பிபிசி தமிழோசைக்கு நேரமாகிவிட்டால் ஒருவர் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் டயோட் பூட்டி ஒன்றை மற்றதாக மாற்ற வேணும். கொழும்பில் குளிரூட்டின அறைக்குள் இருக்கிற தரவு மையத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. வெளியிலிருந்து 230 வோல்ற் ஆடலோட்டம் வருகிறது. ரவுட்டருக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் இருக்கிற சிப்புகள் நேரோட்டத்தில்தான் ஓடும். அந்த மாற்றத்தை எந்த இடத்தில் செய்வது, பற்றரியை எங்கே வைப்பது என்பதுதான் விவாதமே.

டைனமோவின் குறையும் எல்லோருக்கும் தெரிந்தது. கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும். சேமிப்பு இல்லாத மின்சாரம் அப்படித்தான்.

தொலைபேசி நிலையங்கள் இதற்கு நூறு வருடத்துக்கு முதலே ஒரு விடை வைத்திருந்தன. ஈய அமில பற்றரியின் ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ற். 24 கலங்களைத் தொடராக இணைத்தால் 48 வோல்ற். தொட்டால் ஆளைக் கொல்லாத அளவுக்குக் குறைவு, நீண்ட கம்பியில் பேசப் போதும். நேர்முனையைத்தான் நிலத்தோடு இணைத்தார்கள். அப்படிச் செய்தால் ஈரத்தில் செப்புக் கம்பி அரிபடுவது குறையும். இதில் முக்கியமானது என்னவென்றால், அங்கே கருவிக்கு மின்சாரம் கொடுப்பது பற்றரியோடு எப்போதும் கோத்திருக்கிற அந்த 48 வோல்ற் இணைப்பு. வெளியிலிருந்து வரும் கரண்டின் வேலை அதை நிரப்பி வைத்திருப்பது மட்டும். கரண்ட் நிண்டாலும் மாற்றிவிட எந்த சுவிட்சும் தேவையில்லை. கருவிக்கு அது தெரியவே தெரியாது.

யுபிஎஸ் வழி வேறு. வந்த ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி பற்றரிக்குக் கொடுத்து, திரும்பவும் ஆடலோட்டமாக்கி அனுப்ப, கருவி தன் பங்குக்கு இன்னொரு தரம் நேரோட்டமாக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் வெப்பமாகிப் போகும். பழுதாவதற்கு ஒரு பெட்டியும் கூடும். அப்படியென்றால் ஏன் எல்லாரும் 48க்குப் போகவில்லை? கணக்கு எளிது. 10 கிலோவாற்றை 230 வோல்ற்றில் கொண்டுபோக ஏறத்தாழ 43 அம்பியர் போதும். 48 வோல்ற்றில் 208 அம்பியர் வேணும். அதற்கு மொத்தமான செப்பு, கூடின காசு. அதோடு சந்தையில் மலிவாகக் கிடைக்கிற கருவிகள் சுவரில் குத்துகிற மாதிரித்தான் வருகின்றன. ஆனாலும் 2016இல் கூகுள் நிறுவனமே தனது சேர்வர் அடுக்குகளுக்கான 48 வோல்ற் வடிவமைப்பை வெளியில் பகிர்ந்தது. பழைய தொலைபேசிக்காரரின் எண் திரும்பி வந்திருக்கிறது.

போருக்குப் பிறகு வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ற் பாதை வந்தது. ஏ9 வீதியோரம் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் எழுந்தன. இனிப் பிரச்சினை முடிஞ்சுது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. டீசலும் இல்லை. எங்கட ஊர்ப்பக்கம் கரண்ட் போய்ச் சில மணித்தியாலத்தில் சிக்னலும் போனது. ஒன்லைன் வகுப்பு போனால் போகட்டும். இரவில் வருத்தக்காரருக்கு ஓட்டோ கூப்பிடக்கூட வழியில்லை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று அமைச்சர் சொன்ன கோளாறில் முழு இலங்கையும் இருண்டது. வலையமைப்பு என்றால் அப்படித்தான்: ஒரு முனையில் நடந்தது மறுமுனையில் இருக்கிறவனையும் பிடிக்கும்.

ஆகவே நேரோட்டமா ஆடலோட்டமா என்பதைத் தொழில்நுட்பத் தெரிவு என்று மட்டும் பார்க்க எங்களால் முடியவில்லை. கரண்டை நிரந்தரம் என்று நம்புகிற ஊரில் பற்றரி ஒரு அவசரகாலப் பொருள். கரண்டை நம்பப் பழகாத ஊரில் பற்றரிதான் அடிப்படை. எந்தக் கோபுரத்துக்கு எத்தனை மணித்தியால பற்றரி என்று ஒருவர் எங்கேயோ இருந்து முடிவு செய்கிறார். அந்த முடிவில் வன்னியின் அனுபவத்துக்கு இடமிருக்க வேணும்.

எங்கட பல்கலைக்கழகத்திலும் பிரதேச செயலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இப்ப சேர்வர் அறைகள் இருக்கின்றன. அங்கே கேட்க மூன்று கேள்விகள் போதும். பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும்? கடைசியாக எப்ப சோதித்தீர்கள்? கருவியில் இருக்கிற ரெண்டு பிளக்கும் ரெண்டு வேறு வழியிலிருந்து வருகிறதா, இல்லாட்டி ஒரே பலகையில் குத்தியிருக்கிறதா?

இன்னொரு வேலை வரலாறு படிக்கிற எங்களுக்கு. டயோட் பூட்டி றேடியோ கேட்டவர்கள் இப்ப அறுபதைத் தாண்டுகிறார்கள். எந்தக் கம்பியை எதோடு முறுக்கினார்கள், யாரிடம் பழகினார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டுப் பதிய இன்னும் காலம் இருக்கிறது. முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இருக்கிறவர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.