'குஷி' கடல் கடந்த கதை

பெருநாள் காலையில் புத்தாடை உடுத்தித் துள்ளித் திரியும் பிள்ளைகளைக் கண்டு, "ஒரே குஷிதான்" என்று நம் இல்லத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பாரசீகத்தில் தோன்றி, உருதுவின் வழியே தமிழுக்கு வந்த சொல் அது. அதே சொல் கப்பலேறிச் சென்று ஆங்கிலேயர் பேச்சிலும் குடியேறிய வரலாற்றை நம்மில் சிலரே அறிவர்.

பாரசீகத்தில் 'குஷ்' என்றால் இனியது, நல்லது. ஆங்கிலத்திலும் அது ஏறத்தாழக் 'குஷி' என்றே ஒலிக்கிறது. ஆனால் பொருள் சற்றே திரிந்துவிட்டது. அங்கே அது மகிழ்ச்சியைக் குறிக்கும் பெயர்ச்சொல் அன்று. பாடு குறைந்த, சுகம் மிகுந்த நிலையைச் சுட்டும் பெயரடை. உழைப்புக் குறைவாகவும் ஊதியம் நிறைவாகவும் உள்ள உத்தியோகத்தைக் 'குஷி வேலை' என்பர். அப்படிச் சொல்லும்போது சிறிது பொறாமையும் சிறிது ஏளனமும் குரலில் கலந்திருக்கும். தம் சொந்த வேலையை அவ்வாறு அழைப்பவர் அரியர்! நண்பர்களிடையே வழங்கும் கொச்சைச் சொல்லாதலின், அலுவல் கடிதங்களில் அதனைக் காண்பது அரிது. மெத்தையைக் குறிக்கும் 'குஷன்' என்பதிலிருந்து பிறந்ததென்று கருதுவோரும் உளர். அது ஒலியொப்புமையால் எழுந்த மயக்கமே. ஆங்கில அகராதிகள் பெரும்பாலும் உருது, இந்தி மொழிகளையே இதன் மூலமாகக் காட்டுகின்றன.

இந்தியாவில் பணிபுரிந்த வெள்ளைச் சிப்பாய்களின் பாசறைப் பேச்சில் புகுந்த இச்சொல்லைப் பரவலாக்கியது 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போர். பிரான்சின் பதுங்குகுழிகளில் கிடந்த ஆங்கிலச் சிப்பாய்களிடம் 'குஷிக் காயம்' என்றொரு வழக்கு இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆயினும் தாய்நாட்டுக்கு அனுப்பப் போதுமானது. அத்தகைய காயத்துக்கே அப்பெயர். அந்தத் தாய்நாட்டையும் அவர்கள் 'பிளைட்டி' என்றனர். 'விலாயத்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்த 'விலாயத்தி'யே அவர்கள் நாவில் அவ்வாறு உருமாறிற்று.

சொல்லைக் கொடுத்தவர்களின் நிலை என்ன? அப்போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரான்சில் காயமுற்ற இந்திய வீரர்கள் பலர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே குவிமாடங்களுடன் கூடிய பழைய அரச மாளிகை, 1914 டிசம்பரில் அவர்களுக்கான மருத்துவமனையாயிற்று. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனிச் சமையற்கூடங்கள், தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள் எனப் பேணுதல் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆங்கிலச் சிப்பாயைக் காயம் அவன் வீட்டருகே கொண்டு சேர்த்தது. நம்மவரின் வீடோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தது. காயம் ஆறியவர்களில் பலர் மீண்டும் போர்முனைக்கே அனுப்பப்பட்டனர். ஊர் திரும்பலாமென்று நம்பியிருந்தோர் மனம் உடைந்தனர். நம்மவருக்குக் காயத்திலும் குஷி இல்லை!

அங்கே உயிர்நீத்த முஸ்லிம் வீரர்கள், வோக்கிங் நகரில் 1889இல் எழுந்த ஷாஜஹான் பள்ளிவாசலை அடுத்த பகுதியில் நல்லடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுக்கான மையவாடி 1917இல் கட்டி முடிக்கப்பட்டது. போபால் பேகம் ஷாஜஹானின் பொருளுதவியால் எழுந்த அப்பள்ளியின் பாங்கொலியே, அவர்களுக்குத் தாயகத்தின் குரலாய் அமைந்திருக்கும்.

இன்று எளிய வேலையொன்றைக் 'குஷி' என்று கேலி பேசும் ஆங்கிலேயருள், அச்சொல் வந்த வழியை அறிந்தோர் எத்தனை பேர்? அவர்களை மட்டும் குறை சொல்வானேன்? பெருநாள் தோறும் அச்சொல்லை உச்சரிக்கும் நாமும் அந்த வீரர்களை நினைத்ததில்லையே! சொல் ஊர் திரும்பிவிட்டது; அவர்கள் திரும்பவில்லை. அடுத்த முறை நம் பிள்ளைகள் அச்சொல்லின் பொருள் கேட்டால், இந்த வரலாற்றையும் சேர்த்தே சொல்வோம்.