எழுத்தும் பின்புலமும்: ஏட்டுக்கரி முதல் கணினித்திரை வரை

எழுத்தின் வடிவ வரலாற்றோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கது, அவ்வெழுத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் வேறுபாட்டின் வரலாறு. எழுத்து விளங்கித் தோன்றுதற்கு வேண்டுவது நிறவேறுபாடோ, ஒளிவேறுபாடோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பனையோலையில் எழுதினோர் எழுத்தாணியாற் கீறினரேயன்றி மைதொட்டு எழுதினாரல்லர். கீறிய அளவில் எழுத்தின் நிறமும் ஓலையின் நிறமும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின், விளக்குக்கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்து ஏட்டின்மேற் பூசித் துடைத்தனர். மேற்பரப்பிற் பட்ட கரி நீங்கக் கீற்றினுட் புக்க கரி தங்கிற்று. வெளிறிய ஓலையில் எழுத்துக் கருமையாய் விளங்கிற்று. இதனை மையாடல் என்பர். சிறார்க்குக் கல்வி தொடங்கும் சடங்கும் அப்பெயர் பெற்றமை, படிப்பிற்கும் இச்செயற்கும் உள்ள தொடர்பை நன்கு காட்டும்.

காலப்போக்கில் ஓலை பழுத்துக் கருகும், கரியும் தேயும். பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அரிது. ரகரமும் துணைக்காலும் ஒருவடிவின. இவற்றோடு கீற்றும் மங்கியவழிப் பாடவேறுபாடு பெருகுதல் இயல்பே. 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடங்கண்டமை அறிஞர் அறிந்ததே. அவ்வொப்பீட்டிற்கு முதற்கண் வேண்டுவது எழுத்துப் புலனாதலன்றோ? சுவடி காப்போர் மங்கிய ஏட்டிற்கு மீண்டும் கரி பூசுவதும் இதுபற்றியே.

ஏடுகாத்தோர் பட்டறிவாற் கண்ட இவ்வுண்மையைக் கணினிக்காலம் எண்ணால் அளந்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்ட முதல் அணுகல் வழிகாட்டி, எழுத்திற்கும் பின்புலத்திற்கும் போதிய வேறுபாடு வேண்டும் என்ற அளவில் நின்றது. 2008இல் வந்த இரண்டாம் வழிகாட்டி அதற்கு எல்லை வகுத்தது: இயல்பான அளவுடைய எழுத்திற்கு ஒளிவிகிதம் 4.5:1, பேரெழுத்திற்கு 3:1. இயல்பான பார்வையுடையார்க்கு வேண்டிய 3 என்னும் குறும எல்லையை, ஏறத்தாழ 80 அகவை முதியோரின் பார்வைக்குறைவு கருதி 1.5ஆற் பெருக்கியதே 4.5 ஆயிற்று.

வெண்மைமேற் கருமையின் விகிதம் 21:1. தூய பசுமைமேல் தூய செம்மையை இட்டாலோ 2.9:1 மட்டுமே. நிறத்தால் முற்றும் வேறுபட்ட இவ்விரண்டும் ஒளியால் நெருங்கியவை. செம்மை பசுமை பிரித்தறியாதார் சிலர்க்கு அவ்வெழுத்து மங்கித் தோன்றலாம். எனவே, விளக்கம் தருவது ஒளிவேறுபாடே என்பது துணிபு.

பழந்தமிழ் நூல்கள் இன்று ஏட்டிலிருந்து திரைக்கு ஏறுகின்றன. செல்லுக்கும் நீருக்கும் தப்பிய நூலை, அழகு கருதி மங்கிய சாம்பல் நிறத்தில் வெளியிட்டு முதியோர்க்கும் பார்வை குன்றியோர்க்கும் மறைத்தல் முறையன்று. ஏடெழுதியோர் தம் பணியின் இறுதிக்கண் செய்த மையாடலைத் திரையிற் பதிப்பிப்போரும் தம் கடனாகக் கொள்ளல் வேண்டும்.