ஆர்மகான்: சென்னைக்கு முன் ஒரு கோட்டை

கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்து மணலில் வந்து இறங்கிய கதைதான் இந்த வாரம் வர வேண்டியது. ஆனால் அவர் கிளம்பிய இடத்தைப் பார்க்காமல் அதை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்ரீ சிட்டியில் விடியும் முன்பே வேனை எடுத்தோம். பின்பக்கம் மடக்குக் கட்டில், சின்ன காஸ் அடுப்பு, தண்ணீர் கேன். ஓட்டுநர் தடாக்காரர், தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுவார்.

சூளூர்ப்பேட்டையில் செங்காளம்மனைக் கும்பிட்டோம். ராக்கெட் ஏவுவதற்கு முன் விஞ்ஞானிகள் வந்து வணங்கும் அம்மன் இவள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியின் நடுவே ஓடுகிறது. இரு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் ஒற்றைக் காலில் பூநாரைகள். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் அந்தத் தீவுக்குள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. யானாதிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காடு அது. வண்டியைத் திருப்பினோம்.

நாயுடுபேட்டை, வாகாடு வழியாகத் தீவின் வடக்கே துகராஜபட்டினம். ஆங்கிலேயர் ஏடுகளில் இதன் பெயர் ஆர்மகான். 1626-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை கட்டியது. 1628-இல் காவலுக்குப் பன்னிரண்டு பீரங்கிகளும், குமாஸ்தாக்களும் சிப்பாய்களுமாக இருபத்து மூன்று பேரும் இருந்தார்கள். சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர் அரண் அமைத்துக்கொண்ட முதல் இடம் இதுதான். பாடப்புத்தகங்கள் இதைத் தாண்டி நேராக ஜார்ஜ் கோட்டைக்குப் போய்விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆங்கிலேயர் ஏன் இந்த மூலைக்கு வந்தார்கள்? தெற்கே பழவேற்காட்டில் டச்சுக்காரன் உட்கார்ந்திருந்தான். 1621-இல் டச்சுக்காரரோடு செய்த ஒப்பந்தப்படி அங்கே பங்குக்குப் போன ஆங்கிலேயர், கோட்டைச் செலவில் பாதியைக் கொடுத்தும் நிம்மதி இல்லாமல் 1623-இல் வெளியேறினார்கள். பிறகு வந்து சேர்ந்த ஆர்மகானிலோ துணி சரியாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததும் விலை அதிகம்.

மதியம் வண்டியைத் தெற்கே விட்டோம். பழவேற்காட்டில் 1613-இல் எழும்பிய டச்சுக்காரரின் கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். உள்ளே குடும்ப முத்திரைகளும் டச்சு எழுத்துகளும் பொறித்த பாளம் பாளமான கற்கள். சிற்பியின் கையைக் கும்பிடலாம். கீழே கிடப்பவர்களைக் கும்பிட எனக்கு மனம் வராது. பஞ்சத்தில் தவித்த நம் மக்களை விலைக்கு வாங்கி, பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பலேற்றிய துறை இது.

இந்த ஊரில் என்னை இழுத்தவர் அச்சுதப்பச் செட்டி. டச்சுக்காரருக்கு மொழிபெயர்ப்பாளராக நுழைந்து, அவர்களுக்குத் துணி சேர்த்துத் தரும் பெருவணிகராகி, பிறகு தானே கப்பல் விட்டார். நெசவாளருக்கு முன்பணம் போய்ச் சேர்ந்ததும், நாயக்கர்களின் சண்டை சமாதானமானதும் இவர் சொல்லால்தான். கோட்டைக்குள் பீரங்கி அவர்களுடையது. வெளியே நெசவு ஊர்கள் இவர் கையில். ஆர்மகானில் ஆங்கிலேயருக்கு இல்லாமல் போனது இப்படி ஓர் ஆள்தான் என்பது என் கணிப்பு. பீரங்கியைக் காட்டித் தறியை ஓட்ட முடியாது. 1634-இல் அவர் இறந்தபின் தம்பி சின்னண்ணா அந்த இடத்துக்கு வந்தார். 1640-களில் விஜயநகர மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கனின் அரசவை வரை அவர் செல்வாக்கு எட்டியது. ஆங்கிலேயக் கம்பெனியின் கடிதங்களிலும் அவர் பெயர் வருகிறது.

1640 பிப்ரவரியில் டேயும் இன்னொரு கம்பெனி அதிகாரியான கோகனும் ஆர்மகானை விட்டு மதராசுக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய ஆகஸ்டில் அந்தப் பகுதியை ஆண்ட நாயக்கர் தாமர்ல வெங்கடப்பர் மதராசுக்காகக் கொடுத்த பட்டயத்தை அடுத்த வாரம் வரிவரியாகப் பார்ப்போம்.

(தொடரும்)