பாட்டு திறந்துவிட்ட புத்தகம்

தன் நூல்கள் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடச் சாதாரணமாக வீடுதோறும் விலைபோகும் என்று 1920-இல் கணக்குப் போட்டார் பாரதி. நாற்பது நூல்கள், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதிகள் என்பது திட்டம். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். ஊரெங்கும் முதலில் பரவியது புத்தகமல்ல, பாட்டுத்தான். 1928-இல் சென்னை அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் அதை எதிர்த்துப் பேசினார். நாடக மேடையிலும் காங்கிரஸ் ஊர்வலத்திலும் பாடப்பட்டதை எந்தப் போலீஸ்காரர் பறிமுதல் செய்வது? 1951-இல்கூட இந்தியாவில் எழுத்தறிந்தோர் 18 சதவீதம்தான். அந்த நிலையில் ஒரு கவிஞனின் பெயர் பாமர வீடுவரை போக, காது ஒன்றே வழி.

அந்த வழியைப் பெருவழியாக்கியது சினிமா. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை நகை வியாபார நிறுவனம் ஒன்றிடம் இருந்தது, படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் அதை விலைகொடுத்து வாங்கினார். 1947 ஜனவரியில் அவருடைய ‘நாம் இருவர்’ படம் வெளியானது. சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே, வந்துவிட்டதாகக் கொண்டாடும் பாரதியின் சுதந்திரப் பள்ளை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். படம் ஓடிய ஓட்டத்தில், கவிதையும் காசாகும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. மறு ஆண்டு டி.கே. சண்முகம் தம் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தபோது, உரிமை தம்முடையது என்று செட்டியார் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். பாரதியை ஒரு தனிமனிதர் சொந்தம் கொண்டாடலாமா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. எழுத்தாளர்கள் கிளர்ந்தார்கள். செட்டியார் தம் உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதி படைப்புகளின் உரிமையைத் தன்வசமாக்கியது. 1950-களில் அவை பொதுவுடைமையாயின. அதன்பின் யாரும் அச்சிடலாம், மலிவு விலையில் விற்கலாம். ஆகவே, பாட்டுக் கேட்டவர் புத்தகத்தைத் தேடிப் போனார் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். பாட்டைச் சுற்றி எழுந்த சண்டை புத்தகத்தையே அவர் வாசலுக்குக் கொண்டுவந்தது.

இதைச் செய்தது எழுத்தாளர்களின் இயக்கம், சினிமாவுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். இயக்கம் இல்லாமல் அரசு அசைந்திருக்காது, உண்மை. ஆனால் உரிமைச் சிக்கல் புத்தகத்தில் மட்டும் இருந்திருந்தால் அது பதிப்பாளர்களின் உள்விவகாரமாகவே முடிந்திருக்கும். படம் பார்த்த ஜனங்கள் முணுமுணுத்த பாட்டு என்பதால்தான் அது அரசியலானது. மெட்டு கவிதையை விழுங்கிவிடும் என்ற இன்னொரு வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. பட்டம்மாளின் குரலில் பழகியவர் அந்த வரியை வேறு எந்த வேகத்திலும் வாசிக்கச் சிரமப்படுவார். ஆனால் தம் பாடல்கள் பலவற்றின் தலையில் ராகமும் தாளமும் குறித்துவைத்தவர் பாரதி. எளிய சொல்லும் பொதுஜனங்கள் விரும்பும் மெட்டும் காவியத்துக்கு வேண்டும் என்று 1912-இல் ‘பாஞ்சாலி சபத’ முன்னுரையிலேயே வாதிட்டவரை, மெட்டிலிருந்து காப்பாற்றக் கிளம்புவது கொஞ்சம் வேடிக்கைதான்.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. சினிமா பாடக்கூடியதை மட்டுமே எடுத்தது. பத்திரிகைக் கட்டுரைகளும் கதைகளும் வசன கவிதையும் திரைக்கு வெளியே நின்றன. இன்றும் பாரதி என்றால் பலருக்கு இருபது முப்பது பாடல்கள்தான். வாசல்வரை கூட்டிவந்த பாட்டு உள்ளறைகளைக் காட்டவில்லை. அந்த வேலை பதிப்பாசிரியர்களுக்கு உரியது. உரிமைத் தடை நீங்கியதால் அவர்களுக்கும் வழி பிறந்தது. சினிமாவும் தன் பங்கை வாங்கிக்கொள்ளத் தவறவில்லை. 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்துக்கு பாரதி பாடல்களையே எடுத்து ஜி. ராமநாதன் இசையமைத்தபோது, அனுமதி கேட்டு எந்த நகைக்கடைக்கும் போக வேண்டியிருக்கவில்லை.