காதைக் கேட்ட மருந்து

1948 பிப்ரவரி. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்குப் பக்கத்தில் உள்ள ஹேர்மயர்ஸ் மருத்துவமனை. காசநோயோடு அங்கே படுத்திருந்த எரிக் பிளேர் என்பவருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மருந்து வந்து சேர்ந்தது. பிரிட்டனில் அப்போது எந்தக் கடையிலும் கிடைக்காத மருந்து. போர் முடிந்து கஜானா காலியாக இருந்த நேரம்; டாலர் கொடுத்து எதை வாங்கவும் அரசு அனுமதி வேண்டும். பத்திரிகையாளரான நண்பர் டேவிட் ஆஸ்டர் முயன்றார். விஷயம் சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன் வரை போய் அனுமதி கிடைத்தது. எரிக் பிளேரை உலகம் ஜார்ஜ் ஆர்வெல் என்று அறியும்.

தினம் ஒரு கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியாகப் போடப்பட்டது. சில வாரங்களில் முகம் சிவந்தது, தோல் உரிந்தது. தலைமுடி கொட்டியது, நகங்கள் கெட்டன, தொண்டையில் புண். இரவில் உதடுகளில் ரத்தம் கசிந்து உறைந்துவிடும். காலையில் கழுவிய பிறகுதான் வாயைத் திறக்க முடியும். இதையெல்லாம் ஆர்வெல் பிறகு ஒரு நோட்டில் நிதானமாக எழுதி வைத்தார். ஏறக்குறைய ஐம்பது நாளில் ஊசியை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் கிடைத்த தெம்பில் '1984' நாவலை முடித்தார். 1950 ஜனவரியில் இறந்தார்.

ஆர்வெல்லுக்கு ஊசி போட்டபோது அந்த மருந்து பிறந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் வேளாண் கல்லூரியின் நிலவறை ஆய்வகத்தில், 1943 அக்டோபர் 19 அன்று, ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆய்வு மாணவர் அதைக் கண்டெடுத்தார். எருவிட்ட வயல் மண்ணிலும் ஒரு கோழியின் தொண்டையிலும் கிடைத்த ஒரே வகை நுண்ணுயிர், பென்சிலினுக்கு மசியாத கிருமிகளை அழித்தது. காசநோய்க் கிருமியும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஷாட்ஸின் பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன். ராயல்டி பணத்திலும் புகழிலும் பங்கு கேட்டு 1950இல் ஷாட்ஸ் அவர்மீது வழக்குப் போட்டார். ஷாட்ஸும் கண்டுபிடிப்பாளரே என்று ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. ஆனாலும் 1952 நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. ஸ்டாக்ஹோமில் அன்று நடந்ததை நியாயம் என்று சொல்ல மனம் வராது.

ஆனால் இந்த மருந்தின் உண்மையான கதை வார்டில்தான் நடந்தது. இன்றைக்கும் இதே குடும்பத்து மருந்துகளான ஜென்டாமைசினோ அமிகாசினோ போடும் முன் செவிலியர் சில கேள்விகள் கேட்பார். காதில் இரைச்சல் உண்டா, தலை சுற்றுகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, அம்மா வழியில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போனதா. பாடப்புத்தகத்தில் நாலு வரியில் முடிந்துபோகும் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ பட்ட பாடு இருக்கிறது.

முதலில் தலைசுற்றல். பிரிட்டிஷ் அரசு கொஞ்சம் ஸ்ட்ரெப்டோமைசின் வாங்கி வைத்திருந்தது, எல்லோருக்கும் போதாது. யாருக்குக் கொடுப்பது? மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1947இல் ஒரு சோதனை தொடங்கியது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த முறைப்படி, நோயாளியின் பெயர் பதிவான பிறகு ஒட்டிய உறை ஒன்றைப் பிரிப்பார்கள். உள்ளே இருக்கும் சீட்டில் 'எஸ்' என்றிருந்தால் மருந்து. 'சி' என்றிருந்தால் படுக்கை ஓய்வு மட்டும். மருத்துவரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. மொத்தம் 107 பேர். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். ஓய்வில் இருந்த 52 பேரில் 14 பேர். உலகமெங்கும் இன்று நடக்கும் மருந்துச் சோதனைகளுக்கு இதுவே முன்மாதிரி.

முடிவைத் தாளில் எழுதியவர்கள் மருத்துவர்கள். ஊசியைப் போட்டவர்கள் செவிலியர்கள். தினம் இரண்டு கிராமை நான்காகப் பிரித்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு மாதம் தொடர்ந்து போட வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு நோயாளிக்குக் கிட்டத்தட்ட 480 ஊசி. நள்ளிரவில் எழுப்பிக் குத்த வேண்டிய ஊசியும் அதில் சேர்த்தி. ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்புநீரை இப்படி நான்கு மாதம் குத்துவது கொடுமை என்று கருதித்தான் போலி ஊசியே வேண்டாம் என்று விட்டார்கள்.

நான்காவது ஐந்தாவது வாரத்தில் புகார்கள் ஆரம்பித்தன. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தால் அறை சுற்றுகிறது, தலையைச் சட்டென்று திருப்பினால் தள்ளாடுகிறது. 55 பேரில் 36 பேருக்கு இந்தத் தலைசுற்றல் வந்தது. உள்காதில் உடலின் சமநிலையைக் காக்கும் நுண்ணிய முடி செல்களை மருந்து அழித்துக்கொண்டிருந்தது. மனிதனுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்பதை ஓர் அமெரிக்க மருத்துவரே எழுதினார். மூட்டுக் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் எடுத்து சமநிலையை இழந்தவர். 1952இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஜே.சி. என்று முதலெழுத்துகளை மட்டும் போட்டு வெளியிட்டார். நாடி துடிக்கும்போதெல்லாம் தலை நுணுக்கமாக அசையும். ஆரோக்கியமான உள்காது அதைச் சரிக்கட்டிவிடும், அதனால் நமக்குத் தெரிவதே இல்லை. அவருக்கோ ஒவ்வொரு துடிப்புக்கும் புத்தகத்தின் எழுத்துகள் குதித்தன. கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு படித்தார். வெளிச்சம் இருக்கும் வரை கண்ணை வைத்துச் சமாளிக்கலாம், இருட்டில் கால் தடுமாறும். வயதான நோயாளி இரவில் கழிவறைக்குத் தனியே போகக் கூடாது என்று செவிலியர் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

தலைசுற்றலுக்கு அஞ்சி வேதியியலாளர்கள் மருந்தைச் சற்றே மாற்றி டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் செய்தார்கள். தலைசுற்றல் குறைந்தது, செவிட்டுத்தன்மை கூடியது. அதுவும் சில சமயம் மருந்தை நிறுத்தி வாரக்கணக்கான பிறகு வந்தது. பேயிடமிருந்து தப்பிப் பூதத்திடம் மாட்டிய கதை.

இன்னொரு தரப்பும் பாதிக்கப்பட்டது. அதை வரலாறு அதிகம் பேசுவதில்லை. குப்பியில் தூளைக் கரைத்து, ஊசிக்குழலில் ஏற்றி, காற்றுக் குமிழியைத் தள்ளும்போது மருந்து துளித்துளியாகத் தெறிக்கும். மாதக்கணக்கில் இதைச் செய்த செவிலியர்களின் விரல்களில் அரிப்பும் வெடிப்பும் வந்தன. கண் இமைகள் வீங்கின. சிலர் அந்த வேலையிலிருந்தே விலக நேர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசினைக் கையுறை போட்டுத்தான் கலக்க வேண்டும் என்ற விதி அவர்கள் கைகளைப் பார்த்து எழுதப்பட்டது.

கதையின் அடுத்த முக்கியமான கட்டம் நம் சென்னைச் சேத்துப்பட்டில். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் முதலில் பொறுப்பேற்றார். சானடோரியத்தில் கட்டிலும் சத்தான சாப்பாடும் தராமல், நெரிசலான வீட்டிலேயே வைத்து மாத்திரையால் காசநோயைக் குணப்படுத்த முடியும் என்று மையம் நிரூபித்தது. ஒரு சிக்கல் மட்டும் விடவில்லை. நோயாளிகள் மாத்திரையை வாங்கிப் போனார்கள். விழுங்கினார்களா என்பது வேறு. மைய ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பலர் தவறவிட்டது தெரிந்தது.

ஸ்ட்ரெப்டோமைசினின் குறை இங்கே கைகொடுத்தது. இந்தக் குடும்பத்து மருந்துகளைக் குடல் உறிஞ்சாது. வாய்வழி கொடுத்துப் பயனில்லை. நோயாளி ஊசிக்கு வந்தே தீர வேண்டும். வராதவர் யார் என்று அன்றே தெரிந்துவிடும். எனவே வாரம் இரண்டு முறை மையத்துக்கு வரவழைத்து, ஒரு கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், அதிக அளவு ஐசோனியசிட் மாத்திரையும் ஊழியர் கண்ணெதிரே கொடுத்துப் பார்த்தார்கள். தினம் வீட்டில் மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை என்று 1964இல் முடிவு வெளியானது. இன்று உலகெங்கும் 'டாட்ஸ்' என்று வழங்கும் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இது ஒரு வேர்.

இதற்குள் குடும்பம் பெருகிவிட்டது. 1949இல் நியோமைசின். 1957இல் ஜப்பானின் ஹமாவோ உமேசாவா கண்ட கனாமைசின். 1963இல் ஜென்டாமைசின், பிறகு கனாமைசினிலிருந்து அமிகாசின். எல்லாம் ஒரே வழியில் கொல்கின்றன. பாக்டீரியாவில் புரதம் கட்டும் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு, மரபுச் செய்தியைத் தப்பாகப் படிக்க வைக்கின்றன. தச்சனுக்கு அளவைத் தப்பாகச் சொன்னால் கதவு நிலையில் பொருந்தாது. அப்படிப் பொருந்தாத புரதங்களே கிருமியைச் சாகடிக்கின்றன.

நியோமைசின் வேறொரு பாடம் கற்பித்தது. 1950களில் அறுவைச் சிகிச்சையின்போது அதைக் கரைத்து வயிற்றுக்குள் ஊற்றினார்கள். சில நோயாளிகளுக்கு மூச்சே நின்றது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை மருந்து தடுத்திருந்தது. மயஸ்தீனியா என்னும் தசைச் சோர்வு நோய் உள்ளவருக்கு இந்த ஊசி ஆகாது என்பதும், மயக்க மருந்திலிருந்து மீள்கிறவரின் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் அப்போது பாடத்தில் ஏறின.

ஜென்டாமைசின் காலத்தில் கவனம் சிறுநீரகத்துக்குத் திரும்பியது. மருந்து உருமாறாமல் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீரகம் சுணங்கினால் ரத்தத்தில் தேங்கும், தேங்கினால் சிறுநீரகமும் காதும் மேலும் கெடும். அதனால் ரத்த அளவு பார்க்கும் வழக்கம் வந்தது. அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுப்பது அடிமட்ட அளவு. அரைமணி நேர ட்ரிப் முடிந்து அரைமணி கழித்து எடுப்பது உச்ச அளவு. இதில் செவிலியரின் கடிகாரம்தான் எல்லாம். ரத்தம் எடுத்த நேரத்தைத் தப்பாகக் குறித்தால் ஆய்வக எண் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. டாக்டர் தப்பான டோஸ் எழுதுவார். லாசிக்ஸ் போன்ற சிறுநீர்ப் பெருக்கி கூடவே ஓடினால் காதுக்கு ஆபத்து கூடும். பென்சிலின் வகையோடு ஒரே பையில் கலந்தால் மருந்து வீரியமிழக்கும். நடுவே குழாயைச் சலைனால் கழுவ வேண்டும்.

பல வருடம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பிரித்துப் போடுவதே பாதுகாப்பு என்று நம்பினார்கள். நடந்தது நேர்மாறு. இந்த மருந்துகள் செறிவு கூடக் கூட வேகமாகக் கொல்லும். ரத்தத்தில் குறைந்த பிறகும் கிருமி சில மணி நேரம் தலைதூக்காது. சிறுநீரக செல்களோ ஓரளவுக்கு மேல் உறிஞ்சுவதில்லை. எனவே பலருக்கு நாளுக்கு ஒரே முறை பெரிய டோஸாகப் போடும் பழக்கம் 1990களில் பரவியது.

செவிலியர் கேட்கும் கடைசிக் கேள்வி, அம்மா வழி பற்றியது. சிலருக்கு ஒன்றிரண்டு ஊசியிலேயே காது போனது. அதுவும் குடும்பம் குடும்பமாக. 1993இல் சீனக் குடும்பங்களையும் ஓர் அரபு-இஸ்ரேலியக் குடும்பத்தையும் ஆராய்ந்தவர்கள் காரணத்தைக் கண்டார்கள். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில், 1555ஆம் இடத்தில், ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் அவர்களின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ரைபோசோம் பாக்டீரியாவின் ரைபோசோமை இன்னும் நெருக்கமாக ஒத்திருந்தது. மருந்து அதையும் எதிரியென்று தாக்கியது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருகிறது, ஆகவேதான் தாய்வழி.

பச்சிளம் குழந்தைக்கு ரத்தத் தொற்று என்ற சந்தேகம் வந்தால் இன்றும் பல நாடுகளில் பென்சிலினோடு ஜென்டாமைசின்தான் முதல் ஊசி. பிரிட்டனில் ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பது விதி. வழக்கமான மரபணுச் சோதனைக்கு நாட்கள் ஆகும். மான்செஸ்டர் ஆய்வுக் குழு ஒன்று இதற்கென ஒரு சிறு கருவியைச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டது. செவிலியர் குழந்தையின் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியைத் தடவிக் கருவியில் வைப்பார். 26 நிமிடத்தில் பதில். மாற்றம் இருந்தால் வேறு வகை ஆன்டிபயாட்டிக் போகும். குழந்தையின் அம்மாவுக்கும் தாய்வழி உறவினருக்கும், இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இதைச் சொல்லுங்கள் என்ற தகவலும் போகும்.

(தொடரும்)