மறந்த நினைவும் நீல ஒளியும்

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஜேர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் வைத்தியசாலையிலே 51 வயதுடைய அகுஸ்தே டீற்றர் அம்மையார் அமர்ந்திருக்கின்றார். பெயரை எழுதுமாறு வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் கேட்கின்றார். தொடங்கிய கை இடையிலே நின்றுவிடுகின்றது. எதை எழுதப் புகுந்தோமென்பதே அம்மையாருக்கு மறந்து போயிற்று. இதைக் குறித்துவைத்த ஏடும் நெடுங்காலம் தொலைந்திருந்து, 1995இலேதான் அகப்பட்டது.

1906இல் அம்மையார் இறந்தபின், அவரது மூளையை நுணுக்குக்காட்டியிற் பார்த்த அல்சைமர், நரம்புக்கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்குண்ட நார்களையும் கண்டார்.

நேயர்களே, அவரால் விடுவிக்க முடியாத வினா ஒன்று எஞ்சியிருந்தது. நினைவு அழிந்தே போயிற்றா? அல்லது உள்ளே இருந்தும் அதை எடுக்க வழியில்லையா? பெட்டகம் வெறுமையாவது வேறு. திறவுகோல் தொலைவது வேறு. இறந்தோர் மூளையை எத்தனை முறை சாயமிட்டுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடையாது. உயிருள்ள மூளையிலே, கோடிக்கணக்கான கலங்களுள் வேண்டிய சிலவற்றை மட்டும் தொட்டெழுப்ப வேண்டும்.

அதற்குரிய கருவி பாசியிலிருந்து கிடைத்தது. கிளமிடோமோனசு என்னும் ஒருகல அல்காவிலே, நீல ஒளி பட்டதும் வாயில்போலத் திறந்து அயன்களை உள்ளே விடும் புரதம் ஒன்றுண்டு. பீற்றர் ஹெகமான், ஜோர்ஜ் நாகல், ஏர்ன்ஸ்ற் பாம்பேர்க் முதலியோர் அதன் தொழிலை 2003இல் விளக்கினர். பின்னிருவர் பணியாற்றியதும் அதே பிராங்க்பர்ட் நகரிலேயாம். 2005இல் அமெரிக்காவிலே காள் டைசரோத், எட்வேட் பொய்டன் முதலியோர் அப்புரதத்தின் பரம்பரையலகை, தட்டில் வளர்த்த நரம்புக்கலங்களிற் புகுத்தி, ஒளியால் அவற்றை இயக்கிக் காட்டினர்.

2016இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே சுசுமு தொனேகாவாவின் குழுவினர் அந்தப் பழைய வினாவைக் கையிலெடுத்தனர். அல்சைமர் நோயின் தொடக்கநிலை தோன்றும்படி பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளை ஒரு கூட்டில் விட்டுப் பாதத்தில் மின்னதிர்ச்சி கொடுத்தனர். அவ்வேளையிலே இயங்கிய நினைவுக்கலங்களில் மட்டும் பாசியின் புரதம் அமையுமாறு முன்னரே வகைசெய்திருந்தனர். மறுநாள் அதே கூட்டில் விட்டபோது, நோயில்லாத எலிகளைப்போல் அவை அஞ்சவில்லை, மறந்துவிட்டன. ஆயின் அதிர்ச்சியே நேராத வேறொரு கூட்டில் வைத்து அக்கலங்கள்மீது நீல ஒளி பாய்ச்சியதும், எலிகள் அச்சத்தால் உறைந்து நின்றன! நினைவு உள்ளேதான் இருந்தது.

ஒளியை நிறுத்தினால் பழைய மறதியே. பின்னர், அக்கலங்களுக்கு வரும் இணைப்புகளை விரைந்த ஒளித்துடிப்புகளாற் பலமுறை தூண்டினர். கலங்களிற் குறைந்திருந்த நுண்முட்கள் மீண்டும் அரும்பின. எலிகள் ஒளியின் துணையின்றியே பழைய கூட்டை நினைவுகூர்ந்தன.

தொடக்கநிலை எலிகளிற் கண்டது இது. முற்றிய நோயிலே கலங்களே மடிகின்றன. அங்கே எழுப்புவதற்கு எது எஞ்சியிருக்கும் என்பதை இச்சோதனை சொல்லவில்லை.