கிரிக்கிள்வுட் முதல் பள்ளிப்பட்டு வரை: ஒரு புல்லட் மீட்டரின் வாழ்க்கை

பழைய புல்லட்டை விலை பேச வருகிறவர் முதலில் எஞ்சின் நம்பரைப் பார்ப்பார், அடுத்து சேஸ் நம்பரை. இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டு முடித்ததும், ஹெட்லைட் டூமின் நடுவில் பதிந்திருக்கும் மீட்டரைக் குனிந்து பார்ப்பார். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மீட்டருக்கு எந்தப் புத்தகத்திலும் பதிவு கிடையாது. வண்டியோடு பிறந்ததா, வழியில் வந்து சேர்ந்ததா என்பதை அதன் உடம்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1950-களின் புல்லட் மீட்டருக்குப் பிறந்த வீடு லண்டனின் கிரிக்கிள்வுட். கடிகார வியாபாரத்தில் தொடங்கிய ஸ்மித்ஸ் நிறுவனம் அங்கேதான் வாகன மீட்டர்களைச் செய்தது. அந்தக் காலத்து ஸ்மித்ஸ் மீட்டருக்கு ‘குரோனோமெட்ரிக்’ என்று பெயர். அதற்குள் நிஜமாகவே ஒரு கடிகாரம் ஓடுகிறது. சக்கரத்திலிருந்து வரும் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு எண்ணி, அந்தக் கணக்கை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். அதனால் முள் வழுக்கிக்கொண்டு ஏறாது. ஓர் எட்டு வைக்கும், நிற்கும், அடுத்த எட்டு வைக்கும்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததுதான் அதற்கு வழி திறந்தது. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்திறங்கின. திருவொற்றியூரில் வண்டியாகப் பூட்டினார்கள். ஸ்மித்ஸ் மீட்டரும் அப்படித்தான் நம் ஊருக்கு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக இறுக, பாகங்கள் ஒவ்வொன்றாக உள்நாட்டுச் சரக்காக மாறின. ஸ்மித்ஸே 1960-களில் குரோனோமெட்ரிக்கைக் கைவிட்டுக் காந்த மீட்டருக்குப் போய்விட்டது. காந்த மீட்டரில் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் தன்மேல் கவிந்த அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கும். முள் நழுவியபடி ஏறும். செய்யவும் மலிவு. 1970-களில் கோயம்புத்தூரின் பிரிக்கால் போன்ற உள்நாட்டு நிறுவனங்களும் மீட்டர் தயாரிப்பில் இறங்கின.

இப்போது அந்த மீட்டரைப் பள்ளிப்பட்டுக்குக் கொண்டு வருவோம். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி வட்டாரத்தோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் இது. அதற்கு முன் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். ஆகவே இந்தப் பக்கத்துப் பழைய வண்டியின் முதல் காகிதம் சித்தூரைக் காட்டினால் வியப்பில்லை. அதை வைத்து மட்டும் வண்டி வெளியூர்ச் சரக்கு என்று முடிவுகட்டக் கூடாது. அதே காலத்தில்தான் நாடு மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-ல் வந்தது. சாலையோரக் கல் கிலோமீட்டருக்கு மாறியபின்னும் வண்டியின் டயல் மைலிலேயே நின்ற வீடுகள் நிறைய.

இந்த ஊரில் மீட்டருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. புல்லட்டில் மீட்டர் கேபிள் முன்சக்கர ஹப்பிலிருந்து மேலே வருகிறது. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு பெருகித் தரைப்பாலங்களுக்கு மேல் ஓடும். அந்தத் தண்ணீரில் இறக்கி ஓட்டிய வண்டியின் ஹப்பில் கிரீஸ் கழுவிப்போய் மணல் ஏறும். முதலில் முள் நடுங்கும், பிறகு டிக்டிக்கென்று சத்தம் வரும், கடைசியில் கேபிள் அறுந்து முள் பூஜ்யத்தில் படுத்துவிடும். அறுந்தது கேபிள் மட்டும் என்றால் அதை மாற்றினால் போதும். மீட்டரே பழுதாகியிருந்தால் எந்தப் பட்டறையிலும் இரண்டே வழிதான்: மீட்டரைத் திறந்து சரிசெய்வது, அல்லது கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுவது. சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் எந்தக் காலத்து மீட்டரும் கிடைக்கும்போது இரண்டாவது வழியே சுலபம். ஒரு வண்டியின் மீட்டர் இன்னொரு வண்டியின் டூமுக்குப் போனது இப்படித்தான்.

இப்படி மாறி மாறி வந்த ஒன்றை எப்படி இனம் காண்பது?

டயலின் கீழ்ப்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டிலிருந்து தொடங்கலாம். எஸ்.சி. என்றால் குரோனோமெட்ரிக் வேகமானி, எஸ்.எஸ்.எம். என்றால் காந்த வேகமானி, ஆர்.சி., ஆர்.எஸ்.எம். என்று தொடங்கினால் அது வேகமானியே அல்ல, எஞ்சின் சுற்றை அளக்கும் மீட்டர். டயலில் 1600 என்பது போன்ற ஒரு சிறு எண்ணும் இருக்கலாம். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பதன் கணக்கு அது. இதை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். ஆகவே நிமிடத்துக்கு 1600 சுற்றில் டிரில்லிங் மெஷினை வைத்துச் சுற்றினால் முள் 60-ல் நிற்க வேண்டும். கிலோமீட்டர் டயலில் அதே 60-க்குச் சுமார் 1000 சுற்றுப் போதும். முகத்தில் கிலோமீட்டர் டயல், உள்ளே மைல் இயந்திரம் என்று ஒட்டுப்போட்ட மீட்டர் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். சுற்றும்போதே முள்ளையும் கவனியுங்கள். குரோனோமெட்ரிக் என்று சொல்லி விற்ற மீட்டரின் முள் வழுக்கிக்கொண்டு ஏறினால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது பெசல் என்கிற விளிம்பு வளையம். அதைக் கழற்றினால் டயலின் ஓரத்தில் வெயில் படாத ஒரு மெல்லிய வட்டம் தெரியும். நடுப்பகுதி வெளுத்து, அந்த வட்டம் மட்டும் கறுப்பாக இருந்தால் டயல் பல வருஷம் வெயிலில் இருந்திருக்கிறது என்று பொருள். ஓரமும் நடுவும் ஒரே நிறம் என்றால் புது அச்சாகவோ மறுபூச்சாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளிருக்கும் திருகுகளும் பேசும். ஸ்மித்ஸ் பயன்படுத்தியது பி.ஏ. எனப்படும் பிரிட்டிஷ் மரை. அந்தத் துளையில் மெட்ரிக் திருகைத் திணித்திருந்தால் நம் ஊர்க் கை ஒன்று உள்ளே போயிருக்கிறது.

அமெரிக்காவிலும் மீட்டரை இப்படி இனம் காணும் வேலை நடக்கிறது. 1967-ல் பான்டியாக் நிறுவனம் தன் ஜிடிஓ காரில், எஞ்சின் சுற்றைக் காட்டும் டாகோமீட்டரைக் கண்ணாடிக்கு வெளியே, பானட்டின் மேலேயே வைத்துக் கொடுத்தது. ஓட்டுபவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் முள்ளைப் பார்க்கலாம் என்பது நோக்கம். 1970-ல் பியூக் ஜிஎஸ்எக்ஸும் அதையே செய்தது. மேலே வெயிலும் மழையும், கீழே எஞ்சின் சூடும் பட்டு அவற்றில் பல கெட்டுப்போயின. இன்று அதே முகத்தோடு, உள்ளே புது எலக்ட்ரானிக் சர்க்யூட் வைத்த நகல்கள் விற்கின்றன. அங்கேயும் சேகரிப்பாளர்கள் உள்ளே திறந்து பார்க்கிறார்கள். பானட்டில் உள்ள துளை தொழிற்சாலையில் போட்டதா, பிறகு போட்டதா என்று தடவிப் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் ஒரிஜினலா இல்லையா என்ற இந்தக் கேள்வி இப்போது சட்டத்தையும் தொடுகிறது. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு விண்டேஜ் தகுதியும் வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட பதிவெண்ணும் தருகிறது. அதன்பின் ஒரிஜினல் என்ற பேச்சுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. பளபளக்கும் புது டயலை மாட்டிப் பழசு என்று விற்கும் ஆசையும் கூடத்தான் செய்யும்.

பி.ஏ. துளையில் மெட்ரிக் திருகு இருக்கும் மீட்டரைப் போலி என்று ஒதுக்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஸ்பேர் கிடைக்காத காலத்தில் ஒரு மெக்கானிக் அதைத் திறந்து ஓடவைத்திருக்கிறார். அந்த ரிப்பேரும் அந்த மீட்டரின் வரலாறுதான். அந்தத் தடயத்தை அழித்து, நேற்று அச்சடித்த டயலை ஒட்டி, 1955-ல் வந்தது என்று விற்பதுதான் போலி. வீட்டில் பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். மீட்டரை எப்போது, எங்கே, எதற்காகத் திறந்தீர்கள் அல்லது மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். கழற்றிய பழைய மீட்டரை, ஓடாவிட்டாலும், பழைய இரும்புக்குப் போடாதீர்கள். நாளைக்கு அந்த வண்டியை வாங்குகிறவருக்கு அந்தத் தாளும் அந்த ஓடாத மீட்டரும் எந்தப் பளபளப்பையும்விட நம்பகமான சான்று.